கணக்கைக் காட்டாமல் கருத்துக் கேட்காதீர்கள்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குமரி மாவட்டத்தில் தக்கலைக்கும் மார்த்தாண்டத்துக்கும் இடையில் ஓர் அறக்கட்டளை நடத்தும் 40 படுக்கை மருத்துவமனை. ஏறத்தாழ 70 ஊழியர்கள். ஆண்டுதோறும் மார்ச் கடைசியில் அறங்காவலர்களும் ஆடிட்டரும் உட்கார்ந்து பட்ஜெட் போடுகிறார்கள். சென்ற ஆண்டு ஊழியர்களையும் சேர்த்துக்கொள்ளலாமே என்று நிர்வாக அலுவலர் எல்லோருக்கும் ஒரு படிவம் கொடுத்து, பட்ஜெட்டுக்கு ஆலோசனை எழுதச் சொன்னார். பாதிப் படிவங்கள்கூடத் திரும்பி வரவில்லை. வந்தவற்றில் அநேகமாக எல்லாவற்றிலும் சம்பள உயர்வு ஒன்றுதான் எழுதியிருந்தது. 'இவர்களுக்கு நிறுவனத்தின் மேல் அக்கறையே இல்லை' என்று அறங்காவலர்கள் பேச்சை முடித்துவிட்டார்கள். இனியும் முயல வேண்டுமா, முயன்றால் எப்படி, சம்பளக் கணக்கை ஊழியர்களுக்குக் காட்டலாமா, நிர்வாகத்தின் அதிகாரம் இதனால் குறைந்துவிடாதா என்று அந்த நிர்வாக அலுவலர் கேட்கிறார்.

முயல வேண்டும். அறங்காவலர்கள் அந்தப் படிவங்களைத் தவறாகப் படித்துவிட்டார்கள். உங்கள் வார்டில் வேலை செய்யும் ஆயாவுக்கு மருத்துவமனையின் கணக்கில் தெரிந்த தொகை ஒன்றே ஒன்றுதான்: மாதக் கடைசியில் தன் வங்கிக் கணக்கில் விழும் சம்பளம். கையுறைக்கு ஆண்டுக்கு எவ்வளவு, டீசலுக்கு எவ்வளவு, கடனுக்கு வட்டி எவ்வளவு என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை. தெரிந்த ஒன்றைப் பற்றித்தானே அவர் எழுத முடியும்? ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கிடைத்தால் நன்றாக இருக்கும் என்று எழுதினார். அது நேர்மையான பதில். திறந்து காட்டாத புத்தகத்தைப் பற்றி அபிப்பிராயம் கேட்டது நிர்வாகத்தின் குறை.

நாகர்கோவிலில் இருந்துகொண்டு பள்ளிகள், மருத்துவமனைகள், கூட்டுறவுச் சங்கங்கள், அண்டியாபீஸ்கள் எனப்படும் முந்திரி ஆலைகள், சிறு ரப்பர் தோட்டங்கள் என்று பல வகை நிறுவனங்களின் கணக்கோடு நெடுங்காலமாகப் பழகி வருகிறவன் என்ற முறையில் எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு. ஊழியர்களைச் சேர்த்துக்கொள்வது என்றால் ஏதாவது ஒரு முடிவை அவர்கள் கையில் முழுமையாகக் கொடுத்தாக வேண்டும். எவ்வளவு சிறியதாகவும் இருக்கட்டும். ஆனால் அந்த முடிவு அவர்களுடையதாக இருக்க வேண்டும். ஒன்றையும் கொடுக்காமல் ஆலோசனை மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தால், ஒன்றிரண்டு ஆண்டுகளில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். பட்ஜெட் மனிதர்களை எப்படிப் பாதிக்கிறது என்று அமெரிக்கத் தொழிற்சாலைகளில் ஆராய்ந்த கிறிஸ் ஆர்கிரிஸ் 1952-லேயே இதைப் போலிப் பங்கேற்பு என்று அழைத்தார். மேலிடம் தொகையை முடிவு செய்துவிட்டு, மேற்பார்வையாளரைக் கூப்பிட்டுச் சம்மதம் கேட்கும், அவர் தலையாட்டுவார், எல்லோரும் கலந்துகொண்டதாகக் குறிப்பு எழுதப்படும். நம் ஊர்களில் இது இன்றும் நடக்கிறது.

எனவே முதல் பேச்சு உங்களுக்கும் அறங்காவலர்களுக்கும் இடையில் நடக்கட்டும். எது எங்கள் கையில் இருக்கும், எதில் ஊழியர்களைக் கலந்துகொண்டு நாங்கள் முடிவெடுப்போம், எதை அவர்களிடமே விட்டுவிடுவோம் என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். வங்கிக் கடன் தவணை, சட்டப்படி கட்ட வேண்டியவை, ஏழை நோயாளிகளுக்கான கட்டணச் சலுகையின் மொத்தத் தொகை ஆகியவை அறங்காவலர்களின் பொறுப்பு. அதில் குழப்பமே வேண்டாம். ஊழியர்களும் அதை எதிர்பார்க்க மாட்டார்கள். புதிய கருவி வாங்குவது, ஒரு பிரிவைத் திறப்பது அல்லது மூடுவது, சம்பள விகிதம் இவற்றில் அவர்களைக் கலந்துகொள்ளுங்கள், முடிவு உங்களுடையது. வார்டின் அன்றாடச் செலவு, சலவை, ஸ்டோர் இருப்பு, டீசல், பணிநேர அட்டவணை, விடுப்பு வரிசை இவற்றை அந்தந்தப் பிரிவிடமே விடலாம். எங்கே கோடு என்று முன்கூட்டியே தெரிந்தால் ஊழியர்கள் அதை மதிப்பார்கள். 'எல்லாவற்றையும் உங்களைக் கேட்டுத்தான் செய்வோம்' என்று ஒரு கூட்டத்தில் உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லிவிட்டு, அடுத்த வாரமே ஸ்கேன் கருவிக்கு முன்பணம் கொடுத்துவிடும் நிர்வாகத்தைத்தான் அவர்கள் மன்னிப்பதில்லை.

விடுப்பு வரிசையிலிருந்தே தொடங்கலாம் என்பது என் யோசனை. பணம் சம்பந்தப்படாதது, ஆனால் குமரி மாவட்டத்தில் அது லேசான காரியம் இல்லை. டிசம்பர் தொடக்கத்தில் கோட்டாறு சவேரியார் திருவிழா, பிறகு கிறிஸ்துமஸ், சிவராத்திரிக்குச் சிவாலய ஓட்டம், மாசியில் மண்டைக்காடு கொடை, தக்கலை பீரப்பா ஆண்டு விழா, ரம்ஜான், ஈஸ்டர், ஓணம். மூன்று மதத்தவரும் சேர்ந்து வேலை செய்யும் இடத்தில் யாருக்கு எந்த நாள் விடுப்பு என்று மேட்ரன் தனியாக முடிவு செய்தால் ஆண்டு முழுவதும் முணுமுணுப்புதான். செவிலியர்களையே அட்டவணை போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு ஷிப்டிலும் குறைந்தது எத்தனை பேர், அதில் அனுபவமுள்ளவர் எத்தனை பேர் என்ற நிபந்தனையை மட்டும் நீங்கள் விதியுங்கள். கிறிஸ்துமஸ் இரவுப் பணியை மற்றவர்கள் ஏற்பதும், கொடைக்கும் ஓணத்துக்கும் கிறிஸ்தவர்கள் ஈடு கொடுப்பதும் அவர்களுக்குள்ளேயே படிந்துவிடும். அந்த அட்டவணையில் ஒரு முறைகூடத் தலையிடாமல் இருந்து காட்டினீர்களானால், அடுத்து பட்ஜெட் என்று நீங்கள் வரும்போது உங்கள் பேச்சை நம்புவார்கள்.

இனி சம்பளக் கணக்கு. இதற்குத்தான் நிர்வாகங்கள் மிகவும் பயப்படுகின்றன; நான் மிகவும் வற்புறுத்துவதும் இதைத்தான். தனி ஆளின் சம்பளத்தைப் பலகையில் எழுத வேண்டாம், அது அவரவர் அந்தரங்கம். ஆனால் மருத்துவர்கள், செவிலியர்கள், ஆய்வகம், அலுவலகம், துப்புரவு என்று பிரிவுவாரியாக மொத்தத் தொகையைக் காட்டுங்கள். அதோடு ஒரு மாதிரிச் சம்பளத்தை எடுத்து, நிறுவனம் செலவழிப்பது எவ்வளவு, ஊழியர் கைக்குப் போவது எவ்வளவு என்று கணக்குப் போட்டுக் காட்டுங்கள். 14,000 ரூபாய் மாதச் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம், முழுத் தொகையும் பி.எஃப். கணக்கில் வருவதாக. இன்றைய விகிதப்படி நிறுவனம் 12 சதவீதம் வருங்கால வைப்பு நிதிக்குக் கட்டுகிறது, 1,680 ரூபாய். நிர்வாகக் கட்டணமும் காப்பீடுமாக 1 சதவீதம், 140 ரூபாய். ஈ.எஸ்.ஐ.க்கு 3.25 சதவீதம், 455 ரூபாய். பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி, ஓர் ஆண்டு வேலைக்கு 15 நாள் சம்பளம். மாதத்தை 26 நாளாகக் கொண்டு கணக்கிட்டால் மாதத்துக்கு 673 ரூபாய் ஒதுக்க வேண்டும். ஆக நிறுவனத்துக்கு ஆகும் செலவு 16,948 ரூபாய். ஊழியரின் பங்காக 1,680 ரூபாய் வைப்பு நிதியும் 105 ரூபாய் ஈ.எஸ்.ஐ.யும் பிடித்தம் போக அவர் கைக்குப் போவது 12,215 ரூபாய். நடுவில் 4,733 ரூபாய் நிற்கிறது.

'அந்தப் பணம் எங்கே போகிறது?' என்று கட்டாயம் கேட்பார்கள். கேட்கட்டும். 3,360 ரூபாய் அவர் பெயரில் வைப்பு நிதிக்கும் ஓய்வூதியத்துக்கும் போகிறது. 560 ரூபாய் ஈ.எஸ்.ஐ.க்கு; அதிலிருந்துதான் குடும்பத்துக்குச் சிகிச்சையும் 26 வாரப் பேறுகால உதவியும் வருகின்றன. மீதி பணிக்கொடைக்கும் காப்பீடு, நிர்வாகக் கட்டணத்துக்கும். பல ஆண்டுகள் வேலை பார்த்தவர்கள்கூடத் தங்கள் வைப்பு நிதிக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்திருக்க மாட்டார்கள். அந்தக் கூட்டத்திலேயே ஒரு கணினியை வைத்து, விரும்புகிறவர்களுக்கு அவரவர் கணக்கைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

பிறகு அவர்கள் படிவத்தில் எழுதிய கோரிக்கையையே எடுத்துக்கொள்ளுங்கள். 70 பேருக்கும் மாதம் 1,000 ரூபாய் உயர்த்தினால் என்ன ஆகும்? எல்லோருக்கும் மேலே சொன்ன விகிதங்களே பொருந்துவதாகக் கொண்டால், ஆயிரத்துக்கு நிறுவனத்தின் செலவு 1,210 ரூபாய்க்குச் சற்று அதிகம். ஆண்டுக்குச் சுமார் 10 லட்சத்து 17 ஆயிரம். இதோடும் முடியவில்லை. பணிக்கொடையைக் கடைசிச் சம்பளத்தை வைத்துக் கணக்கிடுவதால், கடந்துபோன ஆண்டுகளுக்கான பொறுப்பும் சேர்ந்து உயரும். இந்தக் கணக்கைப் பலகையில் போட்டுவிட்டு, 'இதில் பாதியை நிர்வாகம் ஏற்பாடு செய்யும். மீதியை எந்தச் செலவிலிருந்து எடுக்கலாம் என்று நீங்கள் சொல்லுங்கள்' என்று கேட்டுப் பாருங்கள். பேச்சின் தன்மையே மாறும். பாதியை ஏற்பதாகச் சொன்னால் ஏற்க வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். சம்பளத்தை உயர்த்தாமல் இருப்பதற்கு ஒரு வாதமாக இந்தக் கணக்கைப் பயன்படுத்தினால், அதைப் புரிந்துகொள்ள அவர்களுக்கு ஐந்து நிமிடம் போதும்.

செலவு எங்கே வீணாகிறது என்பது வேலை செய்கிற கைக்குத்தான் தெரியும். ஒரு மருத்துவமனையில் டீசல் செலவு ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே போனது. மின்வெட்டு கூடிவிட்டது என்று நிர்வாகம் நம்பியிருந்தது. டீசல் பதிவேட்டைக் கூட்டத்தில் விரித்து வைத்தபோது, எலக்ட்ரீஷியன் ஒருவர் எழுந்து, இரவில் மின்சாரம் நின்றால் வார்டு விளக்குகளுக்கும் விசிறிகளுக்கும் மட்டுமாகப் பெரிய ஜெனரேட்டர் ஓடுகிறது என்றார். பெரிய ஜெனரேட்டரைக் குறைந்த சுமையில் ஓட்டினால் ஒரு யூனிட்டுக்கு ஆகும் டீசல் அதிகம், எஞ்சினுக்கும் கேடு. வார்டுகளுக்கு இன்வெர்ட்டர் வைத்தால் அறுவை அரங்கு நடக்கும்போது மட்டும் ஜெனரேட்டர் போதும் என்பது அவர் கணக்கு. இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, 'என்னிடம் யாரும் டீசல் கணக்கு கேட்டதில்லையே சார், டீசல் இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள்' என்றார்.

மருந்தகமும் அப்படித்தான். எந்த மருந்து அலமாரியின் பின்வரிசையில் காலாவதியை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது, எந்த மொத்த வியாபாரி எத்தனை மாதம் முன்னால் கொடுத்தால் திரும்ப எடுத்துக்கொள்வார், எந்த மருத்துவர் திடீரென்று பிராண்டை மாற்றியதால் பழைய இருப்பு தேங்கியது என்பதெல்லாம் மருந்தாளுநருக்கு அத்துபடி. இவை ஆடிட்டரிடம் 'காலாவதி மருந்து' என்ற ஒரே வரியாக, ஆண்டு முடிந்த பிறகுதான் வந்து சேரும். வரவேற்பில் உட்கார்ந்திருப்பவரைக் கேளுங்கள். குமரிக் கடலின் கிழக்குப் பகுதிக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், மேற்குப் பகுதிக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த நாட்களில் குளச்சல் பக்கத்திலிருந்து வரும் குடும்பங்களில் எத்தனை பேர் தள்ளிப்போடக்கூடிய அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறார்கள் என்று அவருக்குத் தெரியும். உங்கள் வரவை மாதவாரியாகப் பிரிக்க இதைவிட நல்ல தகவல் எங்கே கிடைக்கும்? இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. காய்ச்சல் நோயாளிகள் எப்போது குவிவார்கள், கட்டில் எப்போது காலியாகக் கிடக்கும் என்று மூத்த செவிலியர் சொல்வதைக் குறித்துக்கொண்டு பட்ஜெட் போட்டால், ஆண்டுத் தொகையைப் பன்னிரண்டால் வகுத்துப் போடுவதைக் காட்டிலும் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும்.

கணக்கைத் திறந்து வைத்தால் தொழிலாளி எப்படி நடந்துகொள்வார் என்று அறிய வெளிநாட்டு நிர்வாகப் பாடம் தேவையில்லை. நம் கடற்கரையிலேயே அது நடக்கிறது. தூத்தூர் வட்டாரத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் படகில் மாதச் சம்பளம் கிடையாது, பங்குதான். மீன் விற்ற பணத்திலிருந்து டீசல், ஐஸ், சாப்பாட்டுச் சாமான் எல்லாவற்றையும் முதலில் கழிப்பார்கள். மிச்சத்தைப் படகுக்கும் ஆட்களுக்கும் பிரிப்பார்கள். செலவுக் கணக்கு எல்லோர் முன்னிலையிலும் வாசிக்கப்படும். கடலில் எஞ்சினைத் தேவையில்லாமல் ஓடவிட்டால் அது தன் பங்கிலிருந்து கரைகிறது என்று படகில் ஏறிய இளைஞனுக்கும் தெரியும். எங்கே போவது, எப்போது திரும்புவது என்பதில் படகை நடத்தும் ஸ்ராங்கின் சொல்லே கடைசிச் சொல். கணக்கு எல்லோருக்கும் தெரிவதால் அவருடைய அதிகாரம் ஒரு துளியும் குறைந்ததில்லை. உங்கள் நான்காவது கேள்விக்கு என் பதில் அந்தப் படகில் இருக்கிறது.

இதே கரையில் 1970-களில் எழுந்த மீனவர் சங்கங்களையும் நினைத்துப் பார்க்க வேண்டும். மீன் ஏலம் கடன் கொடுத்த தரகர்கள் கையில் இருந்த காலத்தில், கடலுக்குப் போகிறவர்கள் மட்டுமே உறுப்பினராகலாம் என்ற விதியோடு ஊர்ச் சங்கங்கள் அமைந்தன; ஏலத்தைச் சங்கமே நடத்தியது. ஊர்ச் சங்கம், மாவட்ட அளவில் சம்மேளனம், அதற்கு மேல் 1980-ல் உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு என்று அது வளர்ந்தது. வடக்கே போனால், 1925-ல் கேரளத்தின் வடகரை அருகே கூலித் தொழிலாளர்கள் தொடங்கிய ஊராளுங்கல் தொழிலாளர் ஒப்பந்தக் கூட்டுறவுச் சங்கம் இன்று பெரிய பாலங்களும் சாலைகளும் கட்டுகிறது. இயக்குநர் குழுவை உறுப்பினர்களான தொழிலாளர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். நாகர்கோவிலிலிருந்து ரயிலில் போய்த் திருவனந்தபுரத்தில் இறங்குகிறவர்கள் காபி குடிக்கும் இந்தியன் காபி ஹவுஸும், 1950-களின் பிற்பகுதியில் காபி வாரியம் கடைகளை மூடி வேலையிழந்தவர்கள் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலனின் முயற்சியால் கூட்டுறவாக அமைத்துக்கொண்டதுதான்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. இவற்றிலெல்லாம் வேலை செய்கிறவர் உரிமையாளரும்கூட, அல்லது பங்குதாரர். உங்கள் ஊழியர்கள் அப்படி இல்லை. நட்டம் வந்தால் அறக்கட்டளை கடன் வாங்கும். லாபம் வந்தாலும் அவர்கள் சம்பளம் அதேதான். ஆகவே 'இது உங்கள் நிறுவனம்' என்ற வசனத்தைக் கூட்டத்தில் தயவுசெய்து பேச வேண்டாம். அதற்குப் பதிலாக, ஒரு பிரிவு மிச்சம் பிடித்தால் அந்த மிச்சம் என்ன ஆகும் என்பதை ஆண்டுத் தொடக்கத்திலேயே அறிவியுங்கள். ஒரு பகுதி அந்தப் பிரிவுக்கே திரும்ப வர வேண்டும்: செவிலியர் ஓய்வறைக்கு ஒரு ஃபிரிட்ஜ், ஆயாக்களுக்கு நல்ல செருப்பு, எதுவானாலும் அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். ஆனால் நோயாளியின் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட செலவில் மிச்சத்துக்குப் பரிசு கிடையாது என்பதையும் சேர்த்தே எழுதிவிடுங்கள். கையுறையைக் குறைத்துப் பரிசு வாங்கும் நிலைமை ஒரு மருத்துவமனைக்கு வரக்கூடாது.

சட்டத்திடம் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். 1976-ல் 42-வது திருத்தத்தின் வழியாக அரசியலமைப்பில் 43-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. தொழில் நிர்வாகத்தில் தொழிலாளர் பங்கேற்க அரசு வழிசெய்ய வேண்டும் என்கிறது. அது வழிகாட்டு நெறி. அதை வைத்து நீதிமன்றத்தில் உரிமை கோர முடியாது. 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டம் 100 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள இடங்களில் இரு தரப்பும் சமமாக அமரும் பணிக்குழுவை அமைக்க வழி செய்தது. அது நல்லுறவுக்கான குழு. பட்ஜெட் அதன் வேலை இல்லை. ஆகவே நீங்கள் செய்யப்போவது உங்கள் விருப்பத்தின் பேரில் செய்வது. அதனால்தான் எழுத்தில் இருப்பது முக்கியம். நிர்வாக அலுவலர் மாறினால் நடைமுறையும் மறைந்துவிடக்கூடாது.

நேரம் பற்றி ஒரு வார்த்தை. மார்ச் கடைசியில் கேட்டால் பயன் இல்லை, அப்போது எல்லாத் தொகையும் இறுகியிருக்கும். நவம்பரிலேயே பிரிவுக்கு இரண்டு பக்க அளவில் முந்தைய ஆண்டுச் செலவைத் தமிழில் எழுதிக் கொடுங்கள். 'இதரச் செலவுகள்', 'தேய்மானம்' போன்ற தலைப்புகளோடு ஆடிட்டர் தரும் அறிக்கையை அப்படியே நகலெடுத்துக் கொடுப்பது கொடுக்காததற்குச் சமம். டிசம்பர், ஜனவரியில் பிரிவுக் கூட்டங்கள். பிப்ரவரியில் எல்லாப் பிரிவுகளும் ஒன்றாக அமர்ந்து ஒருவர் கேட்பதை இன்னொருவர் கேள்வி கேட்கட்டும். மார்ச் தொடக்கத்தில் அறங்காவலர்களிடம் போகட்டும்.

பிரிவுகளிடம் தொகை கேட்டால் கூட்டித்தான் சொல்வார்கள். 80,000 வேண்டும் என்றால் ஒரு லட்சம் எழுதுவார்கள், எப்படியும் வெட்டப்போகிறார்கள் என்று தெரியுமே. இந்தப் பழக்கத்தை ஊழியர்களுக்குக் கற்றுக்கொடுத்தது நிர்வாகம்தான். எல்லோருக்கும் பத்து சதவீதம் என்று காரணமில்லாமல் கத்தரி வைக்கும் ஆண்டுகளில் உண்மையைச் சொன்னவர்தான் நட்டப்படுகிறார். ஏன் எழுதினார்கள் என்று கேட்டு, வரிவரியாகப் பேசி, வெட்டினால் காரணம் சொல்லுங்கள். ஆண்டு நடுவில் உண்மையாகவே பற்றாக்குறை வந்தால் கூடுதல் தொகை பெற ஒரு வழியும் திறந்திருக்கட்டும். மார்ச் மாதத்தில் மிச்சத்தைத் தீர்க்க அவசரமாகப் பஞ்சும் நோட்டும் வாங்கிக் குவிக்கும் வழக்கம் இருந்தால், 'செலவழிக்காவிட்டால் அடுத்த ஆண்டு குறைந்துவிடும்' என்ற பயம்தான் காரணம். குறைக்க மாட்டோம் என்று ஓராண்டு நடந்து காட்டினால் நின்றுவிடும்.

யார் பேசுகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். மருத்துவர்கள், மேட்ரன், ஆயாக்கள், துப்புரவுப் பணியாளர்கள் எல்லோரையும் ஒரே அறையில் உட்காரவைத்தால் முதல் இருவர் மட்டுமே பேசுவார்கள். நம் ஊரில் பதவி மட்டுமா வாயை அடைக்கிறது? சாதி, சபை, யார் யாருக்கு உறவு, வேலை வாங்கிக் கொடுத்தவர் யார் என்று எத்தனையோ இருக்கின்றன. ஆயாக்களோடும் துப்புரவுப் பணியாளர்களோடும் தனியாக முதலில் உட்காருங்கள். இரவுப் பணிக்காரர்களைப் பகலில் வரச்சொல்லாமல் ஷிப்ட் மாறும் நேரத்தில் நீங்களே போங்கள். கூட்ட நேரத்தை வேலை நேரமாகக் கணக்கிடுங்கள். பிரதிநிதிகளை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும், நீங்கள் நியமித்தால் 'நிர்வாகத்தின் ஆள்' என்று ஒதுக்கிவிடுவார்கள். ஒப்பந்தக்காரர் வழியாக வரும் துப்புரவுப் பணியாளர்கள் உங்கள் ஊழியர் பட்டியலில் இல்லை என்று விட்டுவிடாதீர்கள். மருத்துவக் கழிவில் மஞ்சள் பையில் போக வேண்டியதும் சிவப்புப் பையில் போக வேண்டியதும் எந்த வார்டில் கலக்கின்றன என்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள்.

கெட்ட ஆண்டுகளில்தான் இந்த உழைப்பின் பலன் தெரியும். 2017 நவம்பர் 30 அன்று ஓகி புயல் அடித்தபோது மாவட்டத்தின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. மரங்கள் விழுந்து சாலைகள் அடைபட்டன. எந்த மருத்துவமனையின் பட்ஜெட்டிலும் அந்த டீசல் இருந்திருக்காது. 2020-ல் ஊரடங்கின்போது வெளிநோயாளிகளே இல்லாமல் வரவு நின்றது. அத்தகைய மாதத்தில் 'சம்பளம் பத்து நாள் தாமதமாகும்' என்று சொல்ல வேண்டி வந்தால், கணக்கை ஏற்கெனவே பார்த்து வந்தவர்கள் நம்புவார்கள். நல்ல ஆண்டில் மறைத்துவிட்டுக் கெட்ட ஆண்டில் மட்டும் கணக்கைக் காட்டும் நிர்வாகத்தை யார் நம்புவார்கள்? அவசர கால நிதி என்று ஒரு தொகையை ஒதுக்கி, அது எதற்கு, யார் கையெழுத்தில் எடுக்கலாம் என்று எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். சம்பளத்துக்குப் போகாமல் அந்தப் பணம் வங்கியில் ஏன் கிடக்கிறது என்ற கேள்விக்கு ஓகியை அனுபவித்தவர்களே பதில் சொல்வார்கள்.

கடைசியாக, சொன்ன ஒவ்வொரு யோசனைக்கும் பதில் போக வேண்டும். ஏற்றோம், ஏற்கவில்லை, அடுத்த ஆண்டு பார்ப்போம் என்ற மூன்றில் ஒன்று, காரணத்தோடு, தமிழில், உணவறைப் பலகையில், பட்ஜெட் நிறைவேறிய ஒரு வாரத்துக்குள். பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒதுக்கியது எவ்வளவு, செலவானது எவ்வளவு என்று அதே பலகையில். சென்ற ஆண்டு வந்த படிவங்களை எறிந்துவிடாமல் வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அவற்றுக்கு இன்னும் பதில் போகவில்லை. சம்பள உயர்வு கேட்டவர்களுக்கு அந்த 10 லட்சத்து 17 ஆயிரம் ரூபாய்க் கணக்கோடு முதலில் அதை எழுதி ஒட்டுங்கள். நவம்பர் கூட்டத்துக்கு மின்கட்டண பில், டீசல் பதிவேடு, காலாவதி மருந்துப் பட்டியல் மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். அறங்காவலர்களில் ஒருவரையும் அழைத்துக்கொண்டு போங்கள், அன்று அவர் பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கச் சம்மதித்தால்.